சொந்தக் கற்பனை என்று கையெழுத்துப் போட்டேன், நோட்டீஸ் வந்துவிட்டது

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன், வயது 63. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஒரு ஜோக் போடுவேன். எல்லாம் எங்கிருந்தோ வந்தவைதான். நானே எழுதுவதாக நினைத்துப் பாராட்டினார்கள், நானும் மறுக்கவில்லை. அந்தத் தைரியத்தில் இரண்டு ஒருவரி ஜோக்குகளையும், கணவன் மனைவி பேசிக்கொள்ளும் 30 வரி உரையாடல் ஒன்றையும் (பெயர்களை மட்டும் மாற்றி) ஒரு வார இதழுக்கு அனுப்பினேன். என் பெயரும் ஊரும் போட்டு வந்தது, சன்மானம் 750 ரூபாயும் வந்தது. இப்போது கோவையிலிருந்து ஒருவர், மூன்றும் தான் எழுதியவை என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். 5 லட்சம் நஷ்டஈடு, பகிரங்க மன்னிப்பு, இல்லையென்றால் போலீஸ் புகார் என்கிறார். பெயரே இல்லாமல் சுற்றும் ஜோக்குக்கெல்லாம் காப்புரிமை உண்டா?
– வாசகர், திருச்சி

பதில்: முதலில் ஒரு திருத்தம். காப்புரிமை என்றால் பேட்டன்ட், அது கண்டுபிடிப்புகளுக்கு. நீங்கள் கேட்பது பதிப்புரிமை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் ஜோக் என்று தனி இனம் கிடையாது. சொந்தமாக எழுதப்பட்டிருந்தால் அதுவும் இலக்கியப் படைப்புதான். பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ‘படித்ததில் பிடித்தது’ என்ற தலைப்போடு பத்தாயிரம் குழுக்களைச் சுற்றி வந்தாலும் எழுதியவரின் உரிமை கரைந்துவிடாது. பெயர் உதிர்ந்து போனதால் அது ஊர்ச் சொத்தாகிவிட்டது என்று நினைத்ததுதான் உங்கள் தவறு.

ஆனால் மூன்றும் ஒன்றல்ல. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இல் சொல்லிவிட்டது. ஒருவரி ஜோக்கில் கருத்தும் சொன்ன விதமும் ஒட்டிப் பிறந்தவை. ஒரே செய்தியைப் படித்த இருவருக்கு ஒரே கிண்டல் தோன்றுவதும் சகஜம். அமெரிக்காவில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கோனன் ஓப்ரையன் மீது அலெக்ஸ் காஸ்பெர்க் என்ற ஜோக் எழுத்தாளர் 2015-இல் தொடுத்த வழக்கு இதைப் பற்றியதுதான். இப்படிப்பட்ட ஜோக்குகளுக்கு மெலிந்த பாதுகாப்பே உண்டு, கிட்டத்தட்ட அச்சு அசலாக இருந்தால்தான் மீறல் என்று 2017-இல் நீதிபதி சொன்னார். 2019-இல் இருதரப்பும் சமாதானமாகிவிட்டன. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வாதத்துக்கு உதவும். அதோடு, மாமியார் ஜோக்குகளில் பாதி நம் தாத்தா காலத்தவை. அந்த இரண்டு ஒருவரிகளும் அவர் சொந்தமாக யோசித்தவைதானா என்று தாராளமாகக் கேட்கலாம்.

30 வரி உரையாடல் விஷயத்தில் எனக்கு இந்தத் தயக்கம் இல்லை. யார் முதலில் பேசுகிறார், எந்த இடத்தில் மடக்குகிறார், கடைசி அடி எங்கே விழுகிறது என்பதெல்லாம் ஒருவர் உட்கார்ந்து செய்த வேலை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்கு ‘இது அதன் நகல்’ என்று தோன்றினால் மீறல்தான். பெயர்களை மாற்றியது உங்களைக் காப்பாற்றாது. மறைக்க முயன்றீர்கள் என்றுதான் காட்டும்.

பதிப்புரிமை இருக்கிறது என்று தெரியாமல், அப்படி நம்பக் காரணமும் இல்லாமல் செய்தவரிடம் தடை உத்தரவும் அவர் ஈட்டிய லாபமும் மட்டுமே கேட்க முடியும் என்று பிரிவு 55 ஒரு சலுகை தருகிறது. உங்கள் லாபம் 750 ரூபாய். இந்தச் சலுகையைக் கேட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் வார இதழுக்கு அனுப்பும்போது ‘இது என் சொந்தக் கற்பனையே’ என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பீர்களே? உங்கள் கேஸில் என்னைப் பயமுறுத்தும் ஒரே காகிதம் அதுதான். யாரோ எழுதியது என்று தெரிந்தேதான் போட்டீர்கள்.

அடுத்தது பிரிவு 57. படைப்பு என்னுடையது என்று உரிமை கோருவது எழுதியவரின் தனி உரிமை; பதிப்புரிமையை விற்றுவிட்டாலும் அது அவரிடமே இருக்கும். கோவைக்காரருக்குப் பணத்தைவிடப் பெயர்தான் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். பத்திரிகையில் ஜோக்குக்குக் கீழே பெயரும் ஊரும் வருவதற்காகவே வருடக்கணக்கில் போஸ்ட் கார்டு எழுதிப் போட்டவர்கள் நம்மிடம் இருந்தார்கள். அந்த இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது.

5 லட்சத்தைப் பார்த்து மிரளாதீர்கள். எவ்வளவு நஷ்டம் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் பிரிவு 62-இன்படி அவர் தன் ஊரிலேயே மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், நீங்கள் கோவைக்கு அலைய வேண்டியிருக்கும். போலீஸ் மிரட்டலும் வெற்று மிரட்டல் அல்ல. பிரிவு 63-இல் தெரிந்தே செய்த மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யாதவருக்கு, தகுந்த காரணம் எழுதி, நீதிமன்றம் இதைவிடக் குறைக்கலாம். ஆனாலும் இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத (நீதிமன்றம் பார்த்துத்தான் தர வேண்டும்) குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்துவிட்டது. எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு சமாதானமானால், அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும். ஆகவே, பேச வேண்டியதை அதற்கு முன்பே பேசுங்கள்.

நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் ஒரு வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். உரையாடல் உங்களுடையது அல்ல என்று ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட இதழுக்குக் கடிதம் எழுதச் சம்மதித்து, சன்மானத்தை அவருக்கே தர முன்வாருங்கள். ஒருவரிகளைப் பற்றி எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். முதலில் எப்போது, எங்கே வெளியிட்டார் என்று ஆதாரம் கேளுங்கள். அவர் இசைந்தால், சிவில், கிரிமினல் நடவடிக்கை எதுவும் எடுக்க மாட்டேன் என்று எழுத்தில் வாங்குங்கள். இதழாசிரியருக்கு நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள், நோட்டீஸின் நகல் அங்கேயும் போயிருக்கலாம்.

வாட்ஸ்அப் குழுவில் எதையும் அழிக்காதீர்கள். அந்த உரையாடல் உங்களுக்கு எந்தத் தேதியில், யாரிடமிருந்து, பெயரில்லாமல் வந்தது என்பதற்கு அந்தப் பழைய செய்திதான் சாட்சி. போனை மாற்றும் எண்ணம் இருந்தாலும் தள்ளிப் போடுங்கள்.