நிலையம் இருந்தும் கூவம் ஏன் கறுப்பு? இணைப்பு வாங்குவதா, வேண்டாமா?

கேள்வி: எங்கள் வீடு சென்னையில், கூவத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. கழிப்பறைக் கழிவு செப்டிக் டேங்குக்குப் போகிறது. குளியலறை, சமையலறைத் தண்ணீரைத் தெருவின் மழைநீர் வடிகாலில் விட்டிருக்கிறோம். இப்போது பாதாளச் சாக்கடை இணைப்பு வாங்கச் சொல்கிறார்கள். கோயம்பேட்டில் சுத்திகரிப்பு நிலையம் இருந்தும் ஆறு கறுப்பாகத்தான் கிடக்கிறது. பணம் கட்டி என்ன பயன்?

பதில்: வாங்குங்கள், தள்ளிப்போடாதீர்கள். இணைப்புக் கிடைத்த அன்றே வடிகாலில் விட்டிருக்கும் குழாயை அடைத்துவிடுங்கள்.

சுத்திகரிப்பு நிலையம் ஆற்றைச் சுத்தம் செய்வதில்லை. தன் வாசலுக்கு வந்து சேரும் சாக்கடையை மட்டுமே அது சுத்தம் செய்கிறது. மழைநீர் வடிகாலுக்கும் அந்த நிலையத்துக்கும் தொடர்பே கிடையாது. அதில் விடுவது நேரே ஆற்றுக்கோ கால்வாய்க்கோ போய்விடுகிறது.

“வெறும் சோப்புத் தண்ணீர்தானே” என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாமே நுண்ணுயிர்களுக்குத் தீனி. தின்னும்போது அவை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. அந்தத் தேவையைத்தான் பி.ஓ.டி. என்று அளக்கிறோம். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல ஆற்றுநீரில் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். நகரச் சாக்கடையின் பி.ஓ.டி. லிட்டருக்கு 250 மில்லிகிராம் அளவில் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் சாக்கடை, 30 லிட்டருக்கும் அதிகமான ஆற்றுநீரின் மூச்சை நிறுத்திவிடும். அந்தக் கறுப்பும் அழுகிய முட்டை நாற்றமும் ஆக்சிஜன் தீர்ந்த நீரில் பிறப்பவை. சுத்திகரித்து 20 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்தால், அதே ஒரு லிட்டரை மூன்று லிட்டர் ஆற்றுநீர் தாங்கிக்கொள்ளும்.

நிலையத்தில் குப்பையும் மணலும் பிரிந்த பிறகு, கழிவுநீர் காற்றூட்டல் தொட்டிக்கு வருகிறது. ஆற்றில் நடக்க இருந்த அதே தீனி இங்கே நடக்கிறது. ஆக்சிஜனை மட்டும் இயந்திரம் ஊட்டுகிறது. அந்தத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் நீர் எடுத்து 30 நிமிடம் அசையாமல் வைப்போம். முதலில் முழுக்கப் பழுப்புக் குழம்பு. பிறகு நுண்ணுயிர்த் திரள்கள் பஞ்சுபோலத் திரண்டு மெல்ல இறங்கும்; மேலே தெளிந்த நீர் நிற்கும். முகர்ந்தால் ஈர மண் வாசனை. எத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அலுக்காத காட்சி அது.

இந்தத் திரள் கெட்டால் எல்லாம் கெடும். அதனால் மொட்டைமாடி மழைநீரைப் பாதாளச் சாக்கடையில் ஒருபோதும் இணைக்காதீர்கள். மழைநாளில் திடீரென்று பெருகும் நீர் தெருவில் மேன்ஹோல் வழியாகப் பொங்கும். நிலையம்வரை போனாலோ திரளையே அடித்துக்கொண்டு போய்விடும். மழைநீரைச் சேகரிப்புத் தொட்டிக்கு விடுங்கள். பொரித்த எண்ணெய், நாப்கின், டயப்பர் எதுவும் கழிப்பறைக்குள் போகக் கூடாது. ஆசிட்டும் பினாயிலும் அளவோடு போதும்.

கோயம்பேட்டிலேயே 2019 முதல் ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) ஆலை இருக்கிறது; சுத்திகரித்த கழிவுநீரை அது மேலும் தூய்மையாக்குகிறது. அந்த நீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அந்த அளவுக்கு ஏரி நீர் மிஞ்சுகிறது. உங்கள் வீட்டுச் சாக்கடையும் குழாயில் வந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

கட்டணத்துக்குத் தவணை வசதி உண்டா என்று குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் கேளுங்கள். இணைப்பு வந்ததும் செப்டிக் டேங்கை உரிமம் பெற்ற லாரியை வைத்து உறிஞ்சி எடுத்து, மணல் நிரப்பி மூடுங்கள். யாரையும் உள்ளே இறக்காதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட. உள்ளே தேங்கியிருக்கும் வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.