பகையாளி பங்காளியானது எப்படி? ஆசியானும் வியட்நாமும்: கேள்வி பதில்

கேள்வி: 1979-இல் வியட்நாமை எதிர்த்து நின்ற தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான், 1995-இல் அதையே எப்படிச் சேர்த்துக்கொண்டது சார்?

பதில்: படிப்படியாகத்தான். 1978 டிசம்பர் கடைசியில் வியட்நாம் படை கம்போடியாவுக்குள் புகுந்தது. தன் வாசல்வரை வந்துவிட்டதே என்று தாய்லாந்து பதறியது. அதே தாய்லாந்தின் பிரதமர் சாட்டிசாய், போர்க்களங்களைச் சந்தைகளாக்குவோம் என்று 1988-இல் பேச்சை மாற்றினார். அந்த வருடமே கம்போடியத் தரப்புகளும் வியட்நாமும் ஜகார்த்தா அருகே கூடிப் பேசின. 1989 செப்டம்பரில் படை வெளியேறியது. 1991-இல் கம்போடிய அமைதிக்கான பாரிஸ் ஒப்பந்தம். 1992-இல் ஆசியானின் நட்புறவு ஒப்பந்தத்தில் வியட்நாம் கையெழுத்திட்டது. 1995 ஜூலை 28-இல் புருனேயில் ஏழாவது உறுப்பினரானது. அப்புறமும் இறக்குமதி வரியைக் குறைக்க 2006 வரை தவணை கொடுத்தார்கள். முதலில் படை போக வேண்டும், மற்றதெல்லாம் பிறகு என்ற அந்த வரிசையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கேள்வி: ஆசியானும் ஐரோப்பிய ஒன்றியம் மாதிரியா?

பதில்: இல்லை. தயவுசெய்து அந்த ஒப்பீடு வேண்டாம். நாடுகளுக்கு மேலே நின்று சட்டம் போடும் அமைப்பு ஆசியானில் கிடையாது. எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு.

கேள்வி: கம்போடியாவில் போல் போட்டின் கொலை ஆட்சியை முடித்ததே வியட்நாம்தான். அதைப் போய்க் குற்றம் சொல்லலாமா?

பதில்: நியாயமான கோபம். அந்த ஆட்சியில் மாண்டவர்கள் 15 முதல் 20 லட்சம் பேர். விரட்டப்பட்ட போல் போட்டின் கெமர் ரூஜ் தரப்பிடமே கம்போடியாவின் ஐ.நா. இருக்கை நீடிக்க ஆசியான் துணைநின்றது ஒரு களங்கம். ஆனால் அண்டை நாட்டின் அரசைப் படையனுப்பி மாற்றலாம் என்று ஒப்புக்கொண்டால் நாளை நம் கதி என்ன என்று சிறிய நாடுகள் அஞ்சியதும் உண்மை.

கேள்வி (அவரே): உயிர் பெரிதா, அச்சம் பெரிதா சார்?

பதில்: உயிர்தான். அதனால்தான் களங்கம் என்றேன். ஆனால் போல் போட்டை விரட்டியதற்கு இருந்த நியாயம், பத்து வருடம் படையோடு தங்கியதற்குப் போதாது. இதில் நான் மாறப்போவதில்லை.

கேள்வி: தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் ஏன் இப்படி வளரவில்லை?

பதில்: இதை மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். இருதரப்புச் சச்சரவுகளைப் பேசக்கூடாது என்று சார்க் சாசனமே சொல்கிறது. 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு உச்சி மாநாடே கூடவில்லை.

கேள்வி: ஐரோப்பா மாதிரிப் பொது நாணயம் வருமா?

பதில்: மேலே இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இதில் தமிழர் யாரும் உண்டா?

பதில்: 1967-இல் பாங்காக்கில் ஆசியானைத் தொடங்கிக் கையெழுத்திட்ட ஐவரில் சிங்கப்பூரின் எஸ். ராஜரத்தினம் ஒருவர். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். பின்னாளில் வியட்நாமைக் கடுமையாகக் கண்டித்தவரும் அவரே.

கேள்வி: கடைசியாகச் சேர்ந்த நாடு?

பதில்: திமோர்-லெஸ்தே, 2025 அக்டோபரில், 11-ஆவதாக. 1975-இல் அதன்மேல் படையெடுத்த இந்தோனேசியாவே அது சேர ஆதரவு தந்தது.