யூபி40: எந்த ஆல்பத்தை முதலில் வாங்குவது?

கேள்வி: புதிதாக ஒரு டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓட்டும் கருவி) வாங்கியிருக்கிறேன். பிரிட்டிஷ் இசைக்குழுவான யூபி40-ன் பாட்டுகளில் எனக்குத் தெரிந்தது 'ரெட் ரெட் வைன்' மட்டும்தான். அது இருக்கும் 'லேபர் ஆஃப் லவ்' வாங்கலாமா, பலரும் புகழும் 'சைனிங் ஆஃப்' வாங்கலாமா? இப்போதைக்கு ஒன்றுக்குத்தான் காசு.

பதில்: தயங்காமல் 'சைனிங் ஆஃப்' வாங்குங்கள். யூபி40 என்பது அன்றைய பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் உதவித்தொகைக்காக வைத்திருந்த அட்டையின் பெயர்; குழு தன் பெயரை எடுத்தது அதிலிருந்துதான். 1980-ல் வந்த இந்த முதல் ஆல்பத்தின் உறையே அந்த அட்டைதான். வேலை கிடைத்து அந்த உதவியிலிருந்து பெயரை நீக்கிக்கொள்வதுதான் 'சைனிங் ஆஃப்'. பர்மிங்காமில் ஒரு சின்ன வாடகை அறையில் பதிவு செய்தார்கள். தாள வாத்தியங்களைப் பின்தோட்டத்தில் வைத்து வாசித்ததால் சில இடங்களில் பறவைச் சத்தம்கூடக் கேட்கும். 'டைலர்' பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். அமெரிக்காவின் லூசியானாவில் 16 வயதில் கைதாகி, வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரியால் தண்டிக்கப்பட்ட கேரி டைலரைப் பற்றியது. அவர் வெளியே வந்தது 2016-ல்தான். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

'லேபர் ஆஃப் லவ்' (1983) முழுக்க மற்றவர்கள் பாடிய பாட்டுகள். சிறுவயதில் தாங்கள் கேட்டு வளர்ந்த ரெகே (ஜமைக்காவில் பிறந்த இசை வகை) பாட்டுகளைத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். இனிமையாக இருக்கும், விருந்துக்குப் பொருத்தம். ஆனால் இவர்கள் யார் என்பது அதில் தெரியாது. அடுத்த மாதம் காசு சேர்ந்தாலும் 1981-ன் 'பிரசன்ட் ஆர்ம்ஸ்' ஆல்பத்துக்குத்தான் என் ஓட்டு. 'ஒன் இன் டென்' பாட்டு அதில்தான் இருக்கிறது. அதை வாங்கும்போது பெயரை முழுதாகப் படியுங்கள். 'பிரசன்ட் ஆர்ம்ஸ் இன் டப்' என்று தனியாக ஒன்று உண்டு. டப் என்பது இசையை முன்னிறுத்தி மாற்றியமைத்த பதிப்பு, அதில் குரல் மிகக் குறைவு.

பழைய பிரதி வாங்குவதென்றால் இன்னொன்று. 'சைனிங் ஆஃப்' எல்பியோடு (முழு ஆல்பம் உள்ள பெரிய இசைத்தட்டு) மூன்று பாட்டுகள் கொண்ட 12 அங்குலத் தட்டு ஒன்றும் சேர்த்தே வந்தது. பழைய பிரதிகள் பலவற்றில் அது காணாமல் போயிருக்கும். 'மேடம் மெடூசா' பாட்டு அந்த 12 அங்குலத் தட்டில்தான் இருக்கிறது, அதை விடக்கூடாது. உறைக்குள் இரண்டு தட்டுகளும் இருக்கின்றனவா என்று கேட்டு, படம் வாங்கிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். ஒன்றுதான் இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.