கேஸ் அடிப்பதற்கு முன்னால்...

கேள்வி: ஒன்றரை டன் ஸ்பிலிட் ஏசி. ஒரு மணி நேரம் குளிர்கிறது, பிறகு காற்றே குறைந்துவிடுகிறது. வெளியே தடித்த குழாயில் ஐஸ் படிகிறது. 'கேஸ் தீர்ந்துபோச்சு' என்கிறார் வந்தவர். அடிக்கலாமா?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: அவசரப்படாதீங்கம்மா. கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகித் தீராது. குறைந்தால் எங்கோ கசிகிறது. உங்களுக்குக் காற்றும் குறைகிறது, தடித்த குழாயிலும் ஐஸ். முதலில் ஃபில்டரைத்தான் சந்தேகப்படுவேன். கூலிங்கை நிறுத்தி, ஃபேன் மோடில் மட்டும் ஓட விடுங்கள், ஐஸ் முழுக்கக் கரையட்டும். பிறகு மெயினை அணைத்து ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். போன மாதம் காட்பாடியில் ஒரு வீட்டில் பிடித்தேன். கம்பளி மாதிரி தூசி, மறுபக்கம் தெரியவே இல்லை. கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டினோம். அன்று ராத்திரியே குளிர்ந்தது.

அதற்குப் பிறகும் ஐஸ் படிந்தால், உள் யூனிட்டின் குளிர்க் குழாய்ச் சுருளில் (coil) அழுக்கு, காற்றைத் தள்ளும் ப்ளோயரில் கோளாறு, கேஸ் கசிவு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கசிவு என்றால் குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டில் சோப்பு நுரை வைத்து இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அடைத்து, குழாய்க்குள் இருக்கும் காற்றை பம்ப்பால் உறிஞ்சி எடுத்து (வாக்யூம்), எடைபோட்டுத்தான் கேஸ் ஏற்ற வேண்டும். காட்டாமல் அடிப்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வெளி யூனிட்டை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். மெயினை அணைத்தாலும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.