கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங்

கேள்வி: மதச் சுதந்திரம் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர்களே அங்கே கிறிஸ்துமஸைத் தடை செய்தார்களாமே, நிஜமா? – வாசகி, தஞ்சாவூர்

நிஜம்தான். 1659-இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் சட்டமே போட்டார்கள். விருந்து வைத்தால் மட்டுமல்ல, அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாலே ஐந்து ஷில்லிங் அபராதம். 1681 வரை அது அமலில் இருந்தது. அவர்கள் ப்யூரிட்டன்கள், அதாவது பைபிளில் இல்லாத சடங்குகளை ஒதுக்கிய கண்டிப்பான புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். இயேசு பிறந்த தேதி பைபிளில் எங்கே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அதோடு, அந்தக் காலத்து இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் என்றால் குடியும் சூதாட்டமும் தெருவில் கும்மாளமும்தான். அதுவும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

பக்கத்துக் குடியேற்றமான பிளிமத்தில் 1621-லேயே ஒரு கூத்து நடந்தது. கிறிஸ்துமஸ் அன்று எல்லோரையும் வேலைக்குக் கூப்பிட்டார் கவர்னர் வில்லியம் பிராட்ஃபோர்டு. அப்போதுதான் கப்பலில் வந்து இறங்கியிருந்த சிலர், "இன்றைக்கு வேலை செய்ய எங்கள் மனசாட்சி இடம் தராது" என்றார்கள். சரி என்று விட்டுவிட்டார். மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால், மனசாட்சிக்காரர்கள் தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்! பந்தையும் கட்டையையும் பிடுங்கிக்கொண்ட பிராட்ஃபோர்டு, மற்றவர்கள் உழைக்கும்போது நீங்கள் விளையாடுவது என் மனசாட்சிக்கு விரோதம், பக்தி என்றால் வீட்டுக்குள் இருங்கள் என்றாராம். அதற்கப்புறம் யாரும் அப்படிச் செய்யவில்லை, 'வெளிப்படையாகவாவது' என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு மனிதரைப் பிடிக்கும்.

சுதந்திரம் தேடிப் போனார்கள் என்பது பொய்யில்லை. தங்கள் வழியில் கும்பிடத்தான் அந்தச் சுதந்திரம், அடுத்தவன் அவன் வழியில் கும்பிட அல்ல. 1631 முதல் மாசசூசெட்ஸில் ஓட்டுரிமை வேண்டுமென்றால் சர்ச் உறுப்பினராக இருந்தாக வேண்டும். ரோஜர் வில்லியம்ஸ் என்ற போதகர் மாற்றுக் கருத்து சொன்னதற்கு நாடு கடத்தப்பட்டார். அவர் போய் 1636-இல் பிராவிடன்ஸ் என்ற ஊரையே உண்டாக்கிவிட்டார்! மேரி டையர் கதை அப்படி முடியவில்லை. அவர் ப்யூரிட்டன்களுக்கு ஆகாத குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். வெளியேற்றப்பட்ட குவேக்கர் திரும்பி வந்தால் மரணம் என்று 1658-இல் சட்டம் வந்தது. அவர் வந்தார். 1659-இல் தூக்குமேடை வரை கொண்டுபோய்க் கடைசி நிமிடத்தில் விட்டார்கள். அப்புறமும் பாஸ்டனுக்குத் திரும்பினார். 1660 ஜூன் 1 அன்று தூக்கிலிட்டார்கள். இன்று அதே பாஸ்டனில், சட்டமன்றக் கட்டடத்துக்கு முன்னால் அவருக்குச் சிலை இருக்கிறது.

கேள்வி: இந்தக் கெடுபிடியெல்லாம் ப்யூரிட்டன்கள் ஊரில் மட்டும்தானா? – வாசகர், திருநெல்வேலி

இல்லை. வர்ஜீனியாவில் இன்னும் மோசம். அங்கே இருந்தது ஆங்கிலிக்கன் சர்ச், அதாவது இங்கிலாந்தின் அரசாங்க சர்ச். 1609-10 குளிர்காலப் பஞ்சத்தில் அங்கிருந்த ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் செத்துப்போனார்கள். அதையடுத்து வந்த ராணுவச் சட்டத்தில், தினம் இரண்டு வேளைப் பிரார்த்தனைக்கு வராவிட்டால் முதல் தடவை அன்றைய உணவுப் படி கட். இரண்டாவது தடவை சாட்டையடி. ஞாயிறு ஆராதனைக்கு மூன்று முறை டிமிக்கி கொடுத்தால் மரண தண்டனை என்றே எழுதியிருந்தார்கள். பசித்த ஊரில் தானியக் கிடங்கின் சாவி யார் கையில் இருக்கிறதோ அவன் வைத்ததுதான் சட்டம். இதை வெறும் பக்தி என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. வேலை வாங்கும் வழி அது.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை தாய் தன் குழந்தையை முத்தமிடக்கூட அங்கே தடை என்று வாட்ஸ்அப்பில் வந்ததே? – வாசகி, சேலம்

1781-இல் சாமுவேல் பீட்டர்ஸ் என்ற பாதிரியார் கட்டிவிட்ட சரக்கு. ப்யூரிட்டன்களின் இன்னொரு குடியேற்றமான கனெக்டிகட்டின் ஜனங்கள் அவரை விரட்டியிருந்தார்கள். லண்டனில் உட்கார்ந்து அவர்கள் மேல் புத்தகம் எழுதிப் பழி தீர்த்துக்கொண்டார்.