வாசகர் கேள்வி பதில்: தூண் உச்சியில் ஒரு மனிதன்

சென்ற இதழில் கார்ல் மில்லஸ் என்ற சுவீடன் சிற்பியின் சிலைப் படங்கள் இரண்டைப் போட்டிருந்தோம். அதற்கு திருகோணமலையிலிருந்து மட்டும் இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த முறை முழுக்க இதுதான்.

கேள்வி: ஐயா, என் மகள் ஸ்டொக்ஹோமில் இருக்கிறாள். போன வருடம் போனபோது லிடிங்கோ தீவில் இந்தச் சிற்பியின் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு பெரிய கை, அதில் ஒரு சின்ன மனிதன், அதை ஏன் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் தூணில் வைத்திருக்கிறார்கள்? முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. (உவர்மலை வாசகி)

அக்கா, நீங்கள் நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள், அதுவே எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நீங்கள் பார்த்தது 'கடவுளின் கை'. எஸ்கில்ஸ்துனா என்ற ஊருக்காக மில்லஸ் தன் கடைசிக் காலத்தில் செய்தது, அதன் பிரதிதான் தோட்டத்தில் நிற்பது. அந்த மனிதன் உள்ளங்கையில் வசதியாக உட்கார்ந்திருக்கவில்லை, கவனித்தீர்களா? பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் கால் பதித்து, விழுந்துவிடுவேனோ என்ற உடம்போடு மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் பார்ப்பது வானத்தை. நம் முகத்துக்கு நேராக ஒரு மண்டபத்துக்குள் வைத்தால் அவன் கூரையைத்தான் பார்க்க வேண்டும், அப்புறம் அந்தச் சிலையில் என்ன மிச்சம் இருக்கும்?

மில்லஸ் வெளியில் நிற்கப்போகும் சிலைக்கு வானத்தையும் ஒரு பொருளாக எடுத்துக்கொண்டவர். வெளிச்சம் பின்னால் இருக்கும்போது மூக்கு, கண், சட்டை மடிப்பு எதுவும் தெரியாது, ஓரக்கோடு மட்டும்தான் தெரியும். அதனால் அந்த ஓரக்கோட்டை அவர் அவ்வளவு சுத்தமாகச் செய்தார். அங்கேயே 'மனிதனும் பெகாசசும்' என்று இன்னொன்று பார்த்திருப்பீர்கள், சிறகுள்ள குதிரை செங்குத்தாகப் பாய, அதன் மேலிருந்து மனிதன் தனியே பறந்து போகிறான். அமெரிக்காவில் டி மோய்ன் நகரக் கலைக்கூடத்துக்காக 1949இல் செய்தது. பல தொன் வெண்கலம், ஆனால் கீழே நிற்கிறவனுக்கு அது கொக்கு பறக்கிற மாதிரித்தான் தெரியும்.

அந்தத் தோட்டத்தின் கதையும் நல்ல கதை. 1906இல் அவரும், ஓவியரான அவர் மனைவி ஒல்காவும் கடல்வாய்க்கு மேலே பாறை நிலம் ஒன்றை வாங்கினார்கள், 1908இல் வீடு கட்டிக் குடியேறினார்கள். அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேலாக அந்தச் சரிவை வெட்டி, தட்டுத் தட்டாக முற்றம் போட்டு, படி கட்டி, சிலையும் நீரூற்றும் வைத்துக்கொண்டே போனார்கள். கட்டட வேலையில் அவருடைய தம்பி எவர்ட்டும் கூட இருந்தார், அவர் கட்டடக் கலைஞர். 1936இல் முழுவதையும் சுவீடன் மக்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேரும் அடக்கமாகியிருப்பதும் அங்கேதான்.

அக்கா, நம் கோணேசர் கோயிலுக்கு கோட்டை வழியாக, மான்களைத் தாண்டி நடந்து போகும்போது பெரிய சிவன் சிலை தெரிகிற இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பின்னால் வானம் மட்டும் இருக்கிற கோணம் ஒன்று உண்டு, அந்த இடத்தில் நின்றால் சிலையே வேறு. இரண்டு அடி தள்ளி நின்றால் வயரும் கம்பமும் வந்து குறுக்கே விழும். சிலையைச் செய்கிற அக்கறையில் பாதியாவது அதை எங்கே நிறுத்துவது என்பதற்கும் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: சேர், நான் உயர்தரத்தில் சித்திரம் படிக்கிறேன். இவர் பிரெஞ்சுச் சிற்பி ரொடானின் மாணவர் என்று ஒரு இடத்தில் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரின் வேலையும் ஒரே மாதிரி இல்லையே? (பாலையூற்று மாணவர்)

நல்ல கண் உனக்கு, தம்பி. 1875இல் உப்சாலாவுக்குப் பக்கத்தில் பிறந்தவர், முதலில் தச்சுப் பட்டறையில் தொழில் பழகியவர். 1897இல் சிலி நாட்டுக்கு, அங்கே உடற்பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்த உதவுவதற்காகப் புறப்பட்டார். வழியில் பாரிஸில் இறங்கினார், இறங்கினவர் அங்கேயே தங்கிவிட்டார், சிலிக்குப் போகவேயில்லை. கிடைத்த வேலையெல்லாம் செய்து வயிற்றைக் கழுவிக்கொண்டு சிற்பம் படித்தார். ரொடானின் பட்டறையிலும் வேலை செய்தார். அந்தக் காலத்துச் சின்னச் சிலைகளில் ரொடானின் பிடி நன்றாகவே தெரியும், விரல் பதிந்த களிமண் அப்படியே இருக்கிற மாதிரி மேற்பரப்பு, நிழலும் வெளிச்சமும் நெளிந்துகொண்டே இருக்கும்.

பிறகு மியூனிக்கில் கொஞ்சக் காலம் இருந்தார். கிரேக்கப் பழைய சிலைகள், மத்திய காலத் தேவாலயச் சிலைகள் என்று அவர் பார்வை அந்தப் பக்கம் திரும்பியது. மேற்பரப்பு இறுகியது, உடம்புகள் நீண்டன. என் கணிப்பு, வெளியிடத்துக்கு வேலை செய்யத் தொடங்கிய பிறகு ரொடான் வழி அவருக்குப் பயன்படவில்லை. ஐம்பது அடி தூரத்திலிருந்து, நீர் வடிந்துகொண்டிருக்கும்போது பார்க்கிற சிலையில் விரல் அடையாளம் எதற்கு? நீ பரீட்சைக்கு எழுதும்போது 'ரொடானின் மாணவர்' என்று ஒரு வரியில் முடித்துவிடாதே, அவரிடமிருந்து விலகி வந்ததையும் எழுது. 1931இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கிரான்புரூக் கலைக் கழகத்துக்குப் போய் 1951 வரை அங்கே சிற்பியாக இருந்தார், 1955இல் லிடிங்கோவில் இறந்தார்.

கேள்வி: பொது இடத்தில் உடையில்லாத சிலைகளை வைப்பது சரியா? நம் ஊரில் இப்படி வைத்தால் விடுவார்களா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

அங்கேயும் இலேசில் விடவில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், ரயில் நிலையத்துக்கு எதிரே, மிசிசிப்பி ஆற்றை ஆணாகவும் மிசூரி ஆற்றைப் பெண்ணாகவும் செய்து இரண்டும் ஒன்றை ஒன்று நோக்கி வருவதாக ஒரு பெரிய நீரூற்று, 1940இல் திறந்தது. 'ஆறுகளின் திருமணம்' என்பதுதான் மில்லஸ் மனதில் இருந்த பெயர். உடையில்லாமல் என்ன திருமணம் என்று சச்சரவு வந்து, 'நீர்களின் சந்திப்பு' என்று பெயரை மாற்றினார்கள். சிலைகளை மாற்றவில்லை. இன்றைக்கு அந்த ஊர்க்காரர் பெருமையாகக் காட்டுகிற இடங்களில் அது ஒன்று. சுவீடனின் கோத்தன்பர்க்கில் 1931இல் நிறுத்திய, கிரேக்கக் கடல் தெய்வமான பொசைடனின் ஏழு மீற்றர் உயரச் சிலைக்கும் பேச்சு வந்தது, அதுவும் இன்று அந்த நகரத்தின் அடையாளம்.

சரியா என்று கேட்டால், எனக்குத் தப்பாகப் படவில்லை. கோபுரத்திலும் தேரிலும் எல்லா வகை உடம்பையும் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். ஆனால் ஊர் மனம் வேண்டாம் என்றால் அதை மிதித்துக்கொண்டு வைக்கவும் தேவையில்லை. ஆற்றை ஆளாக நினைக்கிற அந்த எண்ணம் நமக்குப் புதிதா? மகாவலி வந்து கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிற ஊர் இது. அதை ஒரு சிலையாகச் செய்ய சேலையைக் களைய வேண்டியதில்லை.

கேள்வி: ஐயா, நான் சிமெந்துச் சிலை செய்கிறவன். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கடலுக்குக் கிட்ட வைத்தது எட்டுப் பத்து வருடத்தில் வெடிக்கிறது, கை விரல் முதலில் விழுகிறது. வெண்கலம் இந்தக் காற்றைத் தாங்குமா? (சாம்பல்தீவு வாசகர்)

இந்தக் கடிதத்தைத்தான் நான் இரண்டு தடவை வாசித்தேன். எங்கள் வீட்டு முன் மதிலில் அப்பா செய்வித்த சிமெந்துச் சிங்கம் இரண்டும் இப்படித்தான் போயின, வால் முதலில், பிறகு முன்கால். வெளியே வெடிப்பது சிமெந்து என்றாலும் கெட்டுப்போவது உள்ளே உள்ள கம்பி. கடற்காற்றில் உப்பு இருக்கிறது, அது சிமெந்தின் நுண்துளை வழியாக மெல்ல மெல்ல உள்ளே போய் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்தால் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும், அந்த அழுத்தத்தில் மேல்பூச்சு வெடிக்கிறது. விரல் ஏன் முதலில் விழுகிறது? அங்கேதான் கம்பிக்கு மேல் சிமெந்து மெல்லிசு.

அதனால், அண்ணா, கழுவாத கடல் மணலைத் தொடவே வேண்டாம், ஆற்று மணல்தான். கம்பிக்கு மேல் இரண்டு அங்குலமாவது வரட்டும், விரல் மாதிரி மெல்லிய இடத்துக்கு மட்டும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போடுங்கள், விலை கூடத்தான், ஆனால் அந்த அளவு கம்பிக்குப் பெரிய காசு போகாது. கலவையில் தண்ணீரைக் குறைத்து, இறுகிய பிறகு, காய விடாமல், ஒரு கிழமையாவது ஈரச்சாக்கு போட்டு ஊற விடுங்கள். பழைய கோபுரச் சுதைகளைப் பார்த்திருப்பீர்கள், உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்பு, இரும்பே இல்லை. இரும்பு இல்லாததால்தான் அவை அவ்வளவு காலம் இருந்தன.

வெண்கலத்துக்கு வருவோம். தாங்கும். அதற்குச் சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. 1950இல் இங்கே கிணறு ஒன்று தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து கோணேசர் கோயிலின் பழைய திருமேனிகள் வெளியே வந்தன, சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி. போர்த்துக்கீசர் கோயிலை இடித்த காலத்தில் ஒளித்துவைத்தவை, முந்நூறு வருடத்துக்கு மேல் இந்தக் கடலோர மண்ணில் கிடந்தவை. எடுத்தபோது தெய்வம் தெய்வமாகவே இருந்தது. வெண்கலத்தின் மேல் வருகிற அந்தப் பச்சை, இரும்புத் துரு மாதிரி உதிர்ந்து கொட்டுவதில்லை, பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும். மில்லஸின் சிலைகளில் நாம் பார்க்கிற பச்சை நிறமும் அதுதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம் உற்சவ மூர்த்திகள் மெழுகு வார்ப்பில் கெட்டியாக வார்த்தவை. மில்லஸுடையவை போன்ற பெரிய சிலைகளை அப்படி வார்க்க முடியாது, உள்ளே பொள்ளாக, துண்டு துண்டாக வார்த்துப் பொருத்துவார்கள். அந்தப் பொருத்துகளிலும் உள்ளே தாங்குகிற இரும்புச் சட்டத்திலும்தான் உப்பு வேலையைக் காட்டும். பச்சை நிறத்திலேயே வெளிர்ப் பொடியாகத் தொட்டதும் உதிர்ந்தால் அது நோய், உடனே பார்க்க வேண்டும். மற்றபடி நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவி, வருடத்துக்கு ஒருமுறை மெழுகு பூசினால் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் இருக்கும்.

கேள்வி: நீரூற்று அழகுதான், ஆனால் இங்கே எது கட்டினாலும் ஒரு வருடத்தில் வற்றி, குப்பை நிரம்பி, நுளம்பு பெருகுகிறது. டெங்கு வருகிற ஊரில் இது தேவையா? (நிலாவெளி வாசகி)

உங்கள் கோபம் நியாயம். நானும் ஒரு பொது இடத்தில் திறப்பு விழா அன்று நீர் பாய்ந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த சித்திரைக்குள் அதே தொட்டியில் தேங்காய்ச் சிரட்டையும் பிளாஸ்டிக் கோப்பையும் மிதந்ததைப் பார்த்தவன்.

நுளம்பு ஓடுகிற தண்ணீரில் பெருகாது, நின்ற தண்ணீரில்தான். முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். அதனால் பம்பி பழுதானால் அன்றைக்கே தொட்டியை வடித்துவிட வேண்டும், திருத்திய பிறகு நிரப்பலாம். சுவீடனில்கூட குளிர்காலத்தில் உறைந்துவிடும் என்று நீரூற்றுகளை நிறுத்தி வடித்துவிடுகிறார்கள், அதை யாரும் குறையாக எண்ணுவதில்லை. கட்டுகிறபோதே வடிகால் குழாயைத் தொட்டியின் அடியிலேயே வைக்க வேண்டும், இங்கே பல தொட்டிகளில் அது பக்கச் சுவரில், நாலு அங்குலம் மேலே இருக்கிறது, அந்த நாலு அங்குலத் தண்ணீரில்தான் நுளம்பு.

அடுத்தது காற்று. கச்சான் வீசுகிற மாதங்களில் பத்து அடி உயரத்துக்குத் தண்ணீரைச் சீறவிட்டால் அது வீதியில் போகிறவனின் சேட்டில்தான் விழும், தொட்டி வற்றும், பம்பி சூடேறிக் கருகும். நீர் எவ்வளவு உயரம் எழுகிறதோ அவ்வளவு தூரமாவது தொட்டியின் விளிம்பு தள்ளியிருக்க வேண்டும், நம் கடற்கரையில் அதற்கும் கூட. இடம் இல்லையென்றால் உயரத்தைக் குறையுங்கள். மில்லஸின் நீரூற்றுகள் பலவற்றில் தண்ணீர் ஆகாயத்துக்குப் பாய்வதில்லை, சிலையின் தோளில், மீனின் வாயில், சிப்பியின் விளிம்பில் மெல்லிய இழையாக விழும். காதுக்குச் சத்தம் வரும், வெண்கலம் நனைந்து மினுங்கும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளி ஊற்றும்போது கல்லில் விழுகிற அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியும்தானே, அவ்வளவு நீர் போதும்.

கேள்வி: அவருடைய வேலைகளில் உங்களுக்குப் பிடித்த ஒன்று மட்டும் சொல்லுங்கள். (திருக்கடலூர் வாசகர்)

ஒன்றென்றால், கிரேக்கக் கதையில் வருகிற இசைக்கலைஞன் ஓர்பியஸ். ஸ்டொக்ஹோமில் நொபெல் பரிசு வழங்குகிற இசை மண்டபத்தின் முன் 1936இல் நிறுத்தியது. நடுவில் யாழோடு ஓர்பியஸ், சுற்றி எட்டுப் பேர், அந்த இசையைக் கேட்டு விழித்தெழுகிறவர்கள், அதில் ஒருவருக்கு பீத்தோவனின் முகச்சாயல். அமெரிக்காவில் கிரான்புரூக்கிலும் அதே எட்டுப் பேரை வட்டமாக வைத்திருக்கிறார்கள், ஆனால் அங்கே நடுவில் ஓர்பியஸ் இல்லை. நீர் மட்டும்தான் எழுகிறது. எட்டுப் பேரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.