வாசகர் கேள்வி – பதில்: நற்குணச் சான்றிதழ் இல்லாத வீரர்கள்

? அக்கிலீஸ் கோபித்துக்கொண்டு போருக்குப் போகாமல் உட்கார்ந்துவிடுகிறான். தன் பக்கத்து ஆட்களே சாகட்டும் என்று விரும்புகிறான். எதிரி வீரன் ஹெக்டரின் பிணத்தைத் தேரில் கட்டி இழுக்கிறான். இவனையா காவிய நாயகன் என்கிறார்கள்?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

ராமனை மனதில் வைத்துக்கொண்டு, அக்கிலீஸ் வரும் ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டைத் திறந்தால் இந்தச் சிக்கல் வரத்தான் செய்யும். கிரேக்கர்களின் 'ஹீரோஸ்' என்ற சொல்லில் 'நல்லவன்' என்ற பொருளே கிடையாது. ஹோமரிடம் அது பெரும்பாலும் போர்வீரர்களைக் குறிக்கும் மரியாதைச் சொல். வழிபாட்டிலோ, செத்த பிறகும் வலிமை குறையாத மனிதன் என்று பொருள். அவன் கல்லறையில் பலியிட்டு, இரத்தத்தைக் குழியில் ஊற்றுவதுண்டு. கவனிக்காவிட்டால் கெடுதல் செய்வான் என்ற பயமும் அதில் கலந்திருக்கும்.

அஸ்டிபலேயா தீவின் கிளியோமிடிஸ் கதையைக் கேளுங்கள். கி.மு. 492 ஒலிம்பிக் குத்துச்சண்டையில் எதிராளியைக் கொன்றுவிட்டான், வெற்றியைப் பறித்துக்கொண்டார்கள். புத்தி பேதலித்து ஊர் திரும்பியவன் பள்ளிக்கூடத் தூணைச் சாய்க்க, கூரை விழுந்து சுமார் 60 பிள்ளைகள் மாண்டார்கள். ஊரார் கல்லெறிந்து துரத்த, அதீனா கோயிலில் ஒரு பெட்டிக்குள் புகுந்து மூடிக்கொண்டான். உடைத்துப் பார்த்தால் ஆளைக் காணோம். டெல்ஃபி கோயிலில் குறி கேட்டபோது வந்த பதில்: அவனே கடைசி ஹீரோ, பலி கொடுத்து வணங்குங்கள். கிரேக்கப் பயண எழுத்தாளர் பாசேனியஸ் எழுதிவைத்த கதை இது.

நமக்குத் தெரிந்தவற்றில் இதற்குப் பக்கத்தில் வருவது நடுகல். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது. ஆனால் நடுகல் வீரன் பெரும்பாலும் ஆநிரைக்காகவோ ஊருக்காகவோ விழுந்தவன், கிளியோமிடிஸ் அப்படியல்ல. உங்கள் ஊர் கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் உள்ள ஆதகூர்க் கல் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் மாண்டதைச் சொல்லும் அதே கல், காட்டுப்பன்றியோடு மோதிச் செத்த காளி என்ற வேட்டைநாயையும் போற்றுகிறது. நாய்க்குக் கல் நட்டவர்கள் நற்குணச் சான்றிதழா கேட்டிருப்பார்கள்?

? அக்கிலீஸின் குதிகாலும் மரக்குதிரையும் இலியட்டில் எந்தப் பகுதியில் வருகின்றன? தேடித் தேடி அலுத்துவிட்டது.
– வாசகர், ஜாலஹள்ளி

தேடலை நிறுத்துங்கள், இரண்டுமே அதில் இல்லை. 24 பகுதி, 15,000 வரிக்கு மேல் ஓடும் இலியட், ட்ராய் போரின் பத்தாம் ஆண்டில் சில வாரங்களை மட்டும் சொல்லி ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிகிறது. 21ஆம் பகுதியில் அஸ்டெரோபேயஸின் ஈட்டி கீறி அக்கிலீஸின் கையில் இரத்தமே வருகிறது. குதிகால் தவிர எங்கும் காயம்படாத உடம்பு ஹோமருக்குத் தெரியாது. குழந்தை அக்கிலீஸைப் பாதாள ஆறான ஸ்டைக்ஸில் முக்கியெடுத்த கதை நம் கைக்குக் கிடைப்பது கி.பி. முதல் நூற்றாண்டு ரோமக் கவிஞர் ஸ்டேஷியஸிடம். வீரர்கள் ஒளிந்து ட்ராய்க்குள் புகுந்த மரக்குதிரைக்கு, ஹோமரின் ஒடிசியில் 8ஆம் பகுதியையும், விரிவாக வேண்டுமென்றால் வெர்ஜிலின் ஈனியட் 2ஆம் பகுதியையும் பாருங்கள்.

? ஈடிபஸின் 'ஹமார்த்தியா' அவனுடைய கர்வம் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?
– கல்லூரி மாணவி, ராஜாஜி நகர்

கிடைக்கலாம், ஆனால் சரியான விடை அல்ல. ஹமார்த்தியா என்பது நாடக நாயகனின் வீழ்ச்சிக்குக் காரணமாக அரிஸ்டாட்டில் சொல்வது. அந்தச் சொல்லின் வேர் 'குறி தப்புதல்'. எறிந்த ஈட்டி இலக்கில் படாமல் போவதற்கு ஹோமர் அந்த வினையைத்தான் ஆள்கிறார். அரிஸ்டாட்டில் கவிதையியலின் 13ஆம் அத்தியாயத்தில் சொல்வதும் கெட்ட குணத்தை அல்ல, தவறிப்போவதை. ஈடிபஸுக்கு முன்கோபம் உண்டு, மறுக்கவில்லை. முச்சந்தியில் கிழவரை அடித்துக் கொன்றது அந்தக் கோபம்தான். ஆனால் அந்தக் கிழவர் யாரோ ஒருவராக இருந்திருந்தால் அது கொலையோடு நின்றிருக்கும். அவர் தந்தை என்பது தெரியாததுதான் நாடகம்.

? எங்கள் குடியிருப்பில் சோஃபக்ளிஸின் 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தைத் தமிழில் போட ஆசை. நடிக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர்.
– வாசகர், இந்திரா நகர்

மூன்றே பேர் போதும். சோஃபக்ளிஸ் எழுதியதும் மூவருக்குத்தான். முதலாமவர் ஈடிபஸ் மட்டும். இரண்டாமவர் பூசாரி, ராணி ஜொகாஸ்டா, கிழட்டு மேய்ப்பன், அரண்மனைத் தூதன். மூன்றாமவர் கிரியோன், டைரீசியஸ், கொரிந்தியத் தூதன். முகமூடி கட்டாயம், இல்லாவிட்டால் ராணியே மேய்ப்பனாக வந்ததும் சபை சிரித்துவிடும்.

தடுமாறும் இடமும் அதுதான். ஜொகாஸ்டா உள்ளே போய், மேய்ப்பன் கண்ணில் படுவதற்குள் நாற்பது வரிகூட இல்லை. சேலைக்குக் கீழேயே மேய்ப்பன் உடையைக் கட்டிக்கொள்ளட்டும், கம்பளியும் முகமூடியும் திரைக்குப் பின்னால் தயாராக இருக்கட்டும். நாடகம் நீளம் என்று முதலில் கத்தரிப்பது கோரஸ் எனும் பாட்டுக் குழுவின் பாட்டைத்தான். இங்கே அது ஓடும் நேரத்தில்தான் உடை மாற்றவேண்டும், அதில் கைவைத்தால் மேய்ப்பன் வந்து சேரமாட்டான். கோரஸுக்கு அந்தக் காலத்தில் 15 பேர். உங்களுக்கு ஆறேழு பேர் சேர்ந்து பாடினாலே ஒப்பேறும். கடைசியில் வரும் இரு மகள்களுக்கும் வசனம் கிடையாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.